மூடி மேல் எழுதிய எண்

மார்ச் 3

அக்காவுக்கு,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. பேசாமல் இருந்த இந்த எட்டு மாதத்தில் நீயும் நன்றாகத்தான் இருந்திருப்பாய், நானும் ஒன்றும் ஆகிவிடவில்லை. போனில் கேட்டிருக்கலாம். போன் என்றால் நான் கத்துவேன், நீ பட்டென்று வைத்துவிடுவாய். போன தடவை அதுதானே நடந்தது. காகிதத்தில் நான் எவ்வளவு கத்தினாலும் உன் காது வலிக்காது.

எனக்கு ஒன்று வேண்டும். மூன்றரை வருடம் முன்னால் உனக்கு ஒரு கடிதம் போட்டேனே, நாலு பக்கம், நீலப் பேனாவில். ரசாயன டிரம்களுக்கு உலகம் முழுக்க ஒரே மாதிரி எச்சரிக்கை லேபிள் வரப்போகிறது, நம் நாட்டுக்கு அதற்கான விதிகளை உன் அலுவலகம்தான் எழுதுகிறது என்றாய். "கிடங்குல நாள் முழுக்க நிக்கிறவன் நீ. உனக்கு என்ன தோணுதுன்னு எழுதிப் போடுடா" என்று நீயே கேட்டாய். நானும் மெனக்கெட்டு உட்கார்ந்து எழுதினேன். ஆபத்து எண்கள் தலைகீழாகப் போவதைப் பற்றி அதில் எழுதியிருந்தேன். நம் பழைய முறையில் 1 என்றால் சாது, 4 என்றால் எமன். புது முறையில் 1தான் எமன், 4 சாது. இதனால் யாராவது அடிபடுவான் என்று எழுதியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நகல் எடுக்கவில்லை. உன் வீட்டு விலாசத்துக்குத்தான் போட்டேன்.

பொறுமை அண்ணனை உனக்கு நினைவிருக்கும். என் மகளின் முதல் பிறந்தநாளுக்கு வந்து, பலூன் ஊதி ஊதி மூச்சு வாங்கி உட்கார்ந்தாரே, அவர்தான். எங்கள் கிடங்கில் டிரம் திறந்து ஊற்றிக் கொடுக்கிற வேலை, பதினெட்டு வருடமாக. "பொறு, பொறு" என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. வெளியே லாரிக்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருப்பான். இவர் கையுறையை ஒவ்வொரு விரலாக இழுத்து மாட்டிக்கொண்டுதான் நகர்வார். அவரோடு வேலை செய்தால் எனக்கு ரத்தம் கொதிக்கும். அப்படி ஒரு நிதானம்.

போன ஜூலையில் அவர் ஒரு டிரம்மின் அடைப்பைத் திறந்தார். கையுறை இருந்தது, பாதுகாப்புக் கண்ணாடி இல்லை. மூடியில் வெள்ளை பெயிண்டில் 1 என்று எழுதியிருந்தது. பழைய முறையில் 1, 2 என்றால் கையுறை போதும். 3, 4 என்றால்தான் கண்ணாடி கட்டாயம். உள்ளே இருந்தது கடுமையான காரக் கரைசல். வெயிலில் நின்ற டிரம். அடைப்பு தளர்ந்ததும் முகத்தில் பீய்ச்சிவிட்டது. வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் எல்லாம் புகை மூட்டமாகத் தெரிகிறதாம்.

இந்த மாதம் 28ஆம் தேதி விசாரணை. பயிற்சி கொடுத்தோம், கண்ணாடி கொடுத்தோம், போட்டுக்கொள்ளாதது அவருடைய கவனக்குறைவு என்கிறது நிர்வாகம். பொறுமை அண்ணனுக்குக் கவனக்குறைவாம்! வயிறு எரிகிறது அக்கா. அந்த ஒரு வார்த்தையோடு கோப்பை மூடிவிட்டால் அவருக்கு வேலையும் கிடையாது, ஓய்வூதியமும் கிடையாது. அதைவிட மோசம், அந்தாளே தேடிக்கொண்டது என்று ஊர் வாயெல்லாம் சொல்லும். இப்படி நடக்கும் என்று முன்கூட்டியே அரசாங்கத்துக்குக் கடிதம் போயிருக்கிறது என்று காட்டினால், பழி முழுக்க அவர் தலையில் விழாது. அதற்குத்தான் அந்தக் கடிதம். தேடி அனுப்பு.

அன்றைக்குப் போனில், "உன் லேபிளோட சிவப்புக் கட்டம்தான் அவர் கண்ணைப் பிடுங்கிச்சு" என்று சொன்னேன். அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் எண்ணம் இன்னும் எனக்கு இல்லை.

உன் தம்பி


மார்ச் 8

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. உறையின் மேல் விலாசத்தை எவ்வளவு அழுத்தி எழுதியிருந்தாய் என்றால், உள்ளே இருந்த தாளிலும் பள்ளம் விழுந்திருந்தது.

பலூன் ஊதியவரை நான் மறப்பேனா? அன்றைக்கு நீ போனில் சொன்னபோது அவர்தான் என்று எனக்குத் தெரியாது. "எங்க ஆளு ஒருத்தர்" என்றுதான் சொன்னாய். அவர் என்று தெரிந்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை.

நீ கேட்ட கடிதத்தைத் தேடிப் பார்க்கிறேன். அலுவலகம் இரண்டு தடவை மாடி மாறியது. பழைய பெட்டிகள் சில கீழ்த்தளத்தில் பிரிக்கப்படாமல் கிடக்கின்றன.

ஆனால் எல்லாவற்றுக்கும் என் சிவப்புக் கட்டத்தைத் திட்டுவதற்கு முன்னால் ஒன்றை யோசி. இந்த வேலையை ஏன் ஆரம்பித்தார்கள் தெரியுமா? ஒரே டிரம் ஒரு துறைமுகத்தில் ஏறும்போது மண்டையோட்டுப் படத்தோடு ஏறும், இன்னொரு துறைமுகத்தில் சும்மா 'கவனம்' என்ற ஒற்றைச் சொல்லோடு இறங்கும். இறக்குகிறவன் எதை நம்புவான்? அம்மா சமையலறை மாதிரிதான். காப்பித்தூள் என்று எழுதிய டப்பாவில் உப்பு இருக்கும், உப்பு டப்பாவில் ஊசியும் நூலும் இருக்கும். நமக்கெல்லாம் அது பழகியிருந்தது. வந்த விருந்தாளிதான் உப்புக் காப்பி குடித்தார். அத்தனை நாடுகளும் ஒரே படம், ஒரே சொல், ஒரே வாக்கியம் என்று ஒத்துக்கொள்ள எத்தனை வருடம் பிடித்தது என்று உனக்குத் தெரியாது. ஒரு காற்புள்ளிக்கு இரண்டு நாள் சண்டை போட்டிருக்கிறோம்.

இன்னொன்று. புது லேபிளில் எண்ணே கிடையாது. சிவப்பு ஓரம் போட்ட கட்டம் உண்டு, அதற்குள் படம் உண்டு, 'அபாயம்' என்ற சொல் உண்டு, தோலையும் கண்ணையும் அரிக்கும் என்ற வாக்கியம் உண்டு. பிரிவு எண் தகவல் தாளில்தான் வரும், டிரம்மில் வராது. வேண்டுமென்றேதான் அப்படி வைத்தோம். அப்படியிருக்க, மூடியில் 1 எப்படி வந்தது?

உன்னைக் குடைவதற்காகக் கேட்கவில்லை. விசாரணையில் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

சாப்பாட்டை வேளைக்குச் சாப்பிடு. கோபம் வந்தால் உனக்கு முதலில் கெடுவது வயிறுதான்.

அக்கா


மார்ச் 12

அக்காவுக்கு,

தேடிப் பார்க்கிறாயாம்! பள்ளிக்கூடத்தில் நான் எட்டாவது படிக்கும்போது வாங்கிய திட்டுக்கூட உனக்கு நாள், கிழமையோடு ஞாபகம் இருக்கும். என் கடிதம் மட்டும் எந்தப் பெட்டி என்று தெரியாதா? யார் காதில் பூச்சுற்றுகிறாய்?

மூடியில் எண் எப்படி வந்தது என்கிறாய். கிடங்கு எப்படி இருக்கும் என்று நீ ஒரு தடவை வந்து பார்த்திருந்தால் கேட்டிருக்க மாட்டாய். ஒரு பலகைக்கு நாலு டிரம், ஒட்டி ஒட்டி நிற்கும். உங்கள் அழகான லேபிள் பக்கவாட்டில். நாலில் மூன்று லேபிள் உள்பக்கம் திரும்பி ஒன்றையொன்று முத்தம் கொடுத்துக்கொண்டிருக்கும். டிரம் இறக்குகிற ஆளுக்குக் கண்ணில் படுவது மூடி மட்டும்தான். அதனால்தான் அந்தக் காலத்திலிருந்து மூடியில் பெயிண்டால் எண் போடுகிறோம். யார் எழுதினார்கள், எப்போது எழுதினார்கள் என்பதை விசாரணைக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். நீ கடிதத்தைப் பார்.

நேற்றுப் பொறுமை அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார், வெளிச்சம் கூசுகிறதாம். அண்ணி டம்ளரை அவர் கையில் கொடுக்கவில்லை. மேஜையில் வைத்து, விரலால் இரண்டு தட்டுத் தட்டினாள். அவர் சத்தம் வந்த இடத்துக்குக் கையை நகர்த்தி எடுத்துக்கொண்டார். எட்டு மாதத்தில் அவர்களுக்குள் இப்படி ஒரு ஏற்பாடு.

நிர்வாகத்திலிருந்து ஒரு ஆள் வந்து பேசிவிட்டுப் போனானாம். "என் தப்புதான்னு சொல்லிட்டேன் தம்பி. கண்ணாடி போடாதது நான்தானே" என்கிறார். எனக்கு வந்ததே கோபம்! "யாரு உங்களை வாயைத் திறக்கச் சொன்னா?" என்று கத்திவிட்டேன். "பொறு, பொறு, கத்தாதே, பிள்ளைங்க தூங்குது" என்று என்னை அடக்கினார்.

அப்புறம், உங்கள் துறைச் சுற்றறிக்கை எங்கள் கிடங்குக்கும் வந்தது. 24ஆம் தேதி பல நாட்டுப் பிரதிநிதிகள் உங்கள் ஊரில் கூடுகிறார்களாம், நம் நாட்டு அனுபவத்தை நீ எடுத்துச் சொல்லப்போகிறாயாம். சந்தோஷம். 'மாற்றம் ஒரு விபத்தும் இல்லாமல் நிறைவேறியது' என்று அதில் ஒரு வரி இருக்கிறது. நீ எழுதியதா அது? பொறுமை அண்ணனுக்குப் படித்துக் காட்டட்டுமா?

தம்பி


மார்ச் 17

தம்பிக்கு,

இரண்டு தாளைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

உன் கடிதம் தொலையவில்லை. எந்தப் பெட்டியிலும் இல்லை. என் மேஜையின் கடைசி இழுப்பறையில், மூக்குக்கண்ணாடி உறைக்குக் கீழே இருக்கிறது. மூன்றரை வருடமாக அங்கேதான் இருக்கிறது. இரண்டு தடவை மாடி மாறியபோதும் அதை நானே என் கைப்பையில் வைத்துத்தான் கொண்டுபோனேன். அதை நான் கோப்பில் சேர்க்கவே இல்லை.

ஏன் என்று கேட்பாய். அதற்கு ஒரு வருடம் முன்னால் எங்கள் பிரிவில் ஒருவர் தன் மைத்துனர் கம்பெனிக்குத் தோதாக ஒரு விதியைத் திருத்தி மாட்டிக்கொண்டார். சாப்பாட்டு அறையில் எங்களைப் பார்த்தாலே "மச்சான் கமிட்டி வருது" என்று சிரிப்பார்கள். அந்த நேரத்தில் என் சொந்தத் தம்பியின் கடிதத்தை எந்த முகத்தோடு நீட்டுவேன்? பொதுமக்கள் கருத்து என்று மொத்தம் 214 கடிதங்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் நானே எண் போட்டேன். உன்னுடையது 215ஆக இருந்திருக்கும். இதையே வேறு யாராவது எழுதியிருப்பார்கள், அதை வைத்துப் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கடைசி வரைக்கும் படித்தேன். ஒருவரும் எழுதவில்லை. உற்பத்தியாளர்கள், ஏற்றுமதியாளர்கள், பேராசிரியர்கள் எழுதியிருந்தார்கள். டிரம் பக்கத்தில் நிற்கிறவன் எழுதியது உன்னுடையது ஒன்றுதான்.

உன்னை எழுதச் சொன்னதும் நான்தான், ஒளித்துவைத்ததும் நான்தான். நேர்மை என்று பேர் வைத்துக்கொண்டேன். உண்மையில் பயம். நாலு பேர் சிரித்துவிடுவார்களே என்ற பயம்.

விபத்து இல்லாமல் என்ற அந்த வரியும் நான் எழுதியதுதான். மாற்றக் காலத்தில் துறைக்கு வந்த அறிக்கைகளைக் கூட்டிப் பார்த்து எழுதினேன். உங்கள் கிடங்கு விபத்து 'தொழிலாளி கவனக்குறைவு' என்ற தலைப்பில் போய்விட்டதால் என் பட்டியலில் அது வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். நீதான் போனில் சொல்லியிருந்தாயே.

கடிதத்தை அனுப்புகிறேன். எனக்கு ஒரு வாரம் மட்டும் கொடு. 24 முடியட்டும். இருபத்திரண்டு வருட வேலையில் இந்த ஒரு மேடைதான் எனக்குக் கிடைத்திருக்கிறது. 28க்குள் உன் கையில் இருக்கும், சத்தியமாக.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நேற்று அதை எடுத்து மறுபடி படித்தேன். மூன்றாம் பக்கத்தில் நீ என்ன எழுதினாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். அது விசாரணைக்குப் போனால் எனக்கு மட்டும் இல்லை, உனக்கும் நல்லதில்லை. யோசித்துச் சொல்.

அக்கா


மார்ச் 21

அக்கா,

யோசிக்க ஒன்றும் இல்லை. அனுப்பு.

மூன்றாம் பக்கத்தில் என்ன எழுதினேன் என்று சத்தியமாக ஞாபகம் இல்லை. ஆனால் நீ சொன்ன விதத்திலேயே புரிந்துவிட்டது. நீ அவிழ்த்துக் கொட்டிவிட்டாய். இனி நானும் மூடி மறைப்பதில் அர்த்தமில்லை.

மூடியில் அந்த 1 எழுதியது நான்தான்.

அன்று காலையில் பதினாறு டிரம் வந்தது. லாரி வாசலை அடைத்துக்கொண்டு நின்றது, பின்னால் இன்னும் இரண்டு வண்டி. லேபிள் எல்லாம் உள்பக்கம் திரும்பிக் கிடந்தது. கூட வந்த தகவல் தாளைப் புரட்டினேன், 'பிரிவு 1' என்று இருந்தது. பெயிண்ட் டப்பா எப்போதும் தூணுக்குக் கீழேதான் இருக்கும். பிரஷை முக்கினேன், பதினாறு மூடியிலும் 1, 1, 1 என்று போட்டுக்கொண்டே போனேன். நல்ல காரியம் செய்கிறேன் என்றுதான் நினைத்தேன் அக்கா. லேபிள் தெரியவில்லையே, எண்ணாவது தெரியட்டுமே என்று.

பொறுமை அண்ணனுக்குப் புது முறை தெரியாமல் இல்லை. பயிற்சியில் எங்களை எல்லாம்விட நன்றாகப் பதில் சொன்னவர் அவர்தான். புது முறையில் 1தான் எமன் என்று அவருக்கு மனப்பாடம். ஆனால் கிடங்கில் பழைய சரக்கும் தீரும்வரை இருந்தது. கையால் எழுதிய எண் இருந்தால் பழைய சரக்கு, அச்சடித்த லேபிள் மட்டும் இருந்தால் புதுச் சரக்கு. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்காமலே எல்லாரும் அப்படித்தான் பிரித்துப் பார்த்தார்கள். அவர் என் கையெழுத்தைப் பார்த்தார். நான் எழுதினால் அது பழைய 1 என்று நம்பிக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அந்த வெயிலில் கண்ணாடிக்குள் வியர்வை வழியும். தேவையில்லாத இடத்தில் யார் போட்டுக்கொள்வார்?

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு கண்ணிலும் கட்டு. "தம்பி, அந்த ஒண்ணு உன் கையெழுத்துதானே?" என்று கேட்டார். "ஆமாண்ணே" என்றேன். அப்புறம், "சரி விடு. யாருகிட்டயும் வாயைத் திறக்காதே. உனக்கு ரெண்டு சின்னப் பிள்ளைங்க இருக்கு" என்றார்.

நானும் திறக்கவில்லை. எட்டு மாதம். வாரம் தவறாமல் அவர் வீட்டுக்குப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். வெளியே வந்து உன்னைத் திட்டினேன். உன்னைத் திட்டத் திட்ட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்தது. அதுதான் உண்மை.

24 வரைக்கும் காத்திருக்காதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

தம்பி


மார்ச் 25

தம்பிக்கு,

உன் கடிதம் 23ஆம் தேதி மாலையே வந்துவிட்டது. காத்திருக்காதே என்று நீ கெஞ்சியதைப் படித்துவிட்டுத்தான் மறுநாள் கூட்டத்துக்குப் போனேன். உனக்கு நான் பொய் சொல்லப்போவதில்லை.

அந்த வரியை விட்டுவிட்டு வாசிக்கலாம் என்று நினைத்திருந்தேன். பென்சிலால் அடித்துக்கூட வைத்திருந்தேன். மேடையில் பக்கத்தில் என் மேலதிகாரி, எதிரே இருபது நாட்டு ஆட்கள், காதில் மொழிபெயர்ப்புக் கருவி. மொழிபெயர்ப்பாளர்களிடம் உரையின் நகல் முன்னாலேயே போயிருந்தது. அந்த இடம் வந்ததும் வாய் தானாக வாசித்துவிட்டது. ஒரு விபத்தும் இல்லாமல். கைதட்டினார்கள். ஒருவர் எழுந்து வந்து கைகுலுக்கி, உங்கள் நாட்டைப் பார்த்து நாங்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். நான் நன்றி சொன்னேன். நன்றி சொன்னேன் தம்பி.

இன்று காலை அலுவலகத்தில் நுழைந்ததும் முதல் வேலையாக உன் கடிதத்தின் மூலப்பிரதியை உறையிலிட்டு, கூடவே என் வாக்குமூலத்தையும் வைத்து, ஆள் மூலம் விசாரணை அதிகாரிக்கு அனுப்பிவிட்டேன். இதைப் பெற்றவள் நான், கோப்பில் சேர்க்காமல் மறைத்தவள் நான், நேற்று மேடையில் சொன்னது உண்மை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நகல் மேலதிகாரிக்கும் போயிருக்கிறது. மதியத்துக்குள் என்னைக் கூப்பிடுவார். கூப்பிடட்டும்.

உன் கடிதத்தின் நகல் இதோடு இருக்கிறது. முழுக்கப் படி. மூன்றாம் பக்கத்தைப் படித்துவிட்டு உன்னை நீயே அடித்துக்கொள்ளாதே. எழுதியதை மறந்தது நீ. மறக்காமல் இழுப்பறையில் வைத்துக்கொண்டே இருந்தது நான்.

அக்கா


(இணைப்பு: மூன்றரை ஆண்டுகளுக்கு முந்தைய கடிதம்)

செப்டம்பர் 12

அன்புள்ள அக்கா,

நீ கேட்டாய் என்பதற்காக எழுதுகிறேன். இல்லாவிட்டால் எனக்கும் பேனாவுக்கும் என்ன சம்பந்தம்? பிழை இருந்தால் சிவப்பு மையில் திருத்தி அனுப்பாதே, உன் தம்பிக்கு வயசு முப்பத்தாறு.

படம் போடுவது நல்ல யோசனை. எங்கள் ஆட்களிடம் ஒவ்வொரு படமாகக் காட்டிக் கேட்டுப் பார்த்தேன். மண்டையோடு எல்லாருக்கும் புரிந்தது. நெருப்பு புரிந்தது. கையில் ஏதோ சொட்டுகிற படத்தைக் காட்டினால் பொறுமை அண்ணன், "யாரோ கை கழுவுறான். நல்ல பழக்கம்தானே" என்கிறார். கிடங்கே சிரித்தது. கை அரிக்கப்படுகிறது என்று சொல்லிக்கொடுத்தேன். இதெல்லாம் சொல்லிக்கொடுத்தால் புரிந்துவிடும்.

எனக்குப் பயம் எண் விஷயத்தில்தான். இத்தனை வருடம் 1 என்றால் சாது என்று பழகியவனிடம், நாளையிலிருந்து 1தான் எமன் என்றால் தலை ஒத்துக்கொள்ளும், கை ஒத்துக்கொள்ளாது. இதனால் யாராவது நிச்சயம் அடிபடுவான். லேபிளில் எண் கிடையாது என்று நீ சொல்வாய். சரி. ஆனால் மூடியில்?

மூடியில் எண் எழுதுகிற வேலை என்னுடையது. ஒரு நாளைக்கு அறுபது, எழுபது மூடி. எண் எழுதுகிறோம் என்ற நினைப்பே இல்லாமல் எழுதுவேன். இங்கே எல்லாரும் என் கையெழுத்தைத்தான் பார்க்கிறார்கள், லேபிளைப் பார்ப்பதில்லை. அதனால் ஒன்று செய். புது லேபிள் வரும் நாளிலிருந்து கையால் எண் எழுதவே கூடாது என்று விதியிலேயே போட்டுவிடு. பெயிண்ட் டப்பாவைக் கிடங்குக்குள் வைக்கவே கூடாது என்று போடு. மூடியிலும் ஒரு லேபிள் ஒட்டச் சொல். நீங்கள் சட்டமாகப் போடாவிட்டால் முதலில் மறந்துபோய் பிரஷை எடுக்கப்போகிறவன் நான்தான். என்னை உனக்குத் தெரியாதா?

இதைக் கமிட்டியில் சத்தமாகப் படி. உன் தம்பி எழுதியது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்.

என் மகள் இப்போது சுவரெல்லாம் கிறுக்குகிறாள். என் ரத்தம்.

அன்புத் தம்பி


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

உன் உறை 27ஆம் தேதி வந்தது. மூன்றாம் பக்கத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. உன் மருமகள் வந்து, "அப்பா, யாரு எழுதினது?" என்று கேட்டாள். யாரோ என்று சொல்லிவிட்டேன்.

நீ அனுப்பியதும், மூடியில் எழுதியது நான்தான் என்று நான் எழுதிக் கொடுத்த வாக்குமூலமும் விசாரணை அதிகாரி கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. ஆனால் விசாரணை 28 வரைக்கும் நிற்கவில்லை. 24ஆம் தேதி காலையிலேயே நிர்வாகத்து ஆள் மறுபடி வீட்டுக்குப் போய், தாளை நீட்டி, விரலைப் பிடித்து இடம் காட்டி, பொறுமை அண்ணனிடம் கையெழுத்து வாங்கிவிட்டான். அவர் தப்பை ஒத்துக்கொண்டதால் கோப்பு அன்றைக்கே மூடிவிட்டது. நீ மேடை ஏறிய அதே நாள். குத்திக்காட்ட எழுதவில்லை. நான் மட்டும் ஒழுங்கா? எட்டு மாதத்தில் எந்த நாளிலும் நான் வாயைத் திறந்திருக்கலாம்.

மூடிய கோப்பைத் திறக்க மனு போட்டிருக்கிறோம். திறக்கலாம் என்கிறார் அதிகாரி, ஆறு மாதமும் ஆகலாம், திறக்காமலும் போகலாம் என்கிறார். என்னைப் பொறுப்பிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். உன்னையும் வேறு பிரிவுக்கு மாற்றியதாகக் கேள்விப்பட்டேன். கிடங்கிலிருந்து பெயிண்ட் டப்பாவை எடுத்துவிட்டார்கள். இப்போது!

பொறுமை அண்ணனிடம் போய் உண்மை எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாகச் சொன்னேன். "உன்னைச் சொல்லாதேன்னுதானே சொன்னேன்" என்று சலித்துக்கொண்டார். கடிதத்தைப் படித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். தலையை ஆட்டினார்.

முதலிலிருந்து படித்தேன். கை கழுவுகிற இடம் வந்ததும் சிரித்தார். "ஆமா, நான்தான் சொன்னேன்" என்று அண்ணியிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டார். மூன்றாம் பக்கம் வந்ததும் வேகமாக ஓட்டினேன். "பொறு, பொறு. அதை இன்னொரு தடவை படி" என்றார். படித்தேன். கையால் எழுதக் கூடாது, டப்பாவை வைக்கக் கூடாது, எல்லாரும் என் கையெழுத்தைத்தான் பார்க்கிறார்கள், எல்லாம் படித்தேன்.

அண்ணி டம்ளரை மேஜையில் வைத்து இரண்டு தட்டுத் தட்டினாள். அவர் எடுக்கவில்லை. என் பக்கமாக முகத்தைத் திருப்பினார். கொஞ்சம் தள்ளி, நான் இல்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டுதான் பேசினார்.

"எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கே தம்பி. நாலு பக்கம் எழுதி அவ்வளவு தூரம் அனுப்பியிருக்கே. நான் உன் பக்கத்துலதானே நின்னுக்கிட்டிருந்தேன்? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

அவ்வளவுதான் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

நீ ஒரு நடை வந்துவிட்டுப் போ அக்கா. உன்னையும் ஏதாவது கேட்பார். அதற்குப் பதில் எழுதி வைத்துக்கொண்டு வராதே, சும்மா வா.

தம்பி